காய்ச்சலுக்கு யார் பெயர்?

நீர்மத்திக் காட்டில் மான்கள் செத்துக்கொண்டிருந்தன.

முதலில் கண் சிவக்கும். பிறகு உடம்பு கொதிக்கும். தாகம் தாங்காமல் தள்ளாடித் தள்ளாடிக் கல்லோடைக்கு இறங்கி வரும். தண்ணீரில் வாய் வைத்தபடியே கால் மடங்கிவிடும். அவ்வளவுதான். நேற்றுவரை துள்ளிய மான் இன்று கரையில் கிடக்கும்.

காட்டில் நோயைப் பற்றித் தெரிந்தவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். ஒருவர் போதும் என்கிற இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தொல்லையே அதுதான்.

முதலாமவர் மொட்டைத்தலைக் கழுகு விருத்தகிரி. செத்த உடம்பைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. வயிற்றுப்பாடும் அதிலேயே முடிந்துவிடும். எதன் ஈரல் கறுத்திருந்தது, எதன் குடல் வீங்கியிருந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டாமவள் மந்தி சடைச்சி. மர உச்சியில் உட்கார்ந்து யார் எங்கே மேய்ந்தார்கள், எங்கே படுத்தார்கள், யார் யாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்பதுவரை பார்த்துக்கொண்டே இருப்பாள். மூன்றாமவன் உண்ணிக்கொக்கு தவசி. மாடு, மான், பன்றி என்று எது நின்றாலும் முதுகில் ஏறி உண்ணி பொறுக்குவான். எந்த உடம்பில் எந்த உண்ணி என்று வாயில் போட்ட உடனே சொல்லிவிடுவான்.

மூன்று பேருமே கெட்டிக்காரர்கள். அதில் ஒன்றும் குறையில்லை.

ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் வழுக்குப்பாறையில் எல்லா விலங்குகளும் கூடும். ஒரு நோயின் காரணத்தை யார் முதலில் கண்டுபிடித்து அங்கே சொல்கிறாரோ, அவர் பெயரையே அந்த நோய்க்கு வைப்பார்கள். முன்பு நரிகளுக்கு வந்த சொறியைக் கண்டுபிடித்தது கழுகு. அன்றிலிருந்து அதற்கு விருத்தகிரிச் சொறி என்றே பெயர். நரிகள் மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, "அப்பப்பா, இந்த விருத்தகிரியோடு முடியவில்லையே" என்று புலம்பும்போதெல்லாம் கழுகுக்கு உச்சி குளிர்ந்துபோகும். சொறிக்குப் பெயராக இருப்பதில் என்ன பெருமை என்று நீங்கள் கேட்பீர்கள். பெருமைக்கு அலைகிறவர்கள் பாத்திரம் பார்ப்பதில்லை.

ஆக, மான்களுக்கு வந்த இந்தப் புதுக் காய்ச்சலுக்கு யார் பெயர்? மூன்று பேருக்கும் அதுதான் கவலை. பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடும் என்று விடைத்தாளைக் கையால் மூடிக்கொண்டே எழுதுகிற பிள்ளைகள் உண்டல்லவா? அப்படித்தான் இவர்களும். ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. மற்றவர் ஒட்டுக்கேட்டாலும் புரியக்கூடாது என்று, ஒவ்வொருவரும் காட்டின் இடங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். நாவல் மரம் நிற்கும் பள்ளம் சடைச்சிக்குப் பழத்தொட்டி. தவசிக்கு அதுவே சேற்றங்கால். விருத்தகிரிக்கு, அங்கே எப்போதோ ஒரு பன்றி கிடைத்ததால், நல்ல சாப்பாடு. ஒரே காட்டில் மூன்று காடுகள் இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி கிடையாது.

இதற்கிடையில்தான் தாழை என்ற புள்ளிமான் அகப்பட்டுக்கொண்டாள்.

தாழையின் அக்கா ஓடைக்கரையில் விழுந்து செத்திருந்தாள். அடுத்து அக்காவின் மகள். தாழைக்கு இருந்தது ஒரே குட்டி, பெயர் குன்றி. உடம்பைவிடக் காது பெரியது. இன்னும் பால் மறக்கவில்லை. அழுதுகொண்டிருந்தால் ஆகாது, தெரிந்தவர்களைக் கேட்போம் என்று தாழை கிளம்பினாள்.

முதலில் சடைச்சியிடம் போனாள். மானும் மந்தியும் பழைய சிநேகம். மந்தி மேலிருந்து தழை உதிர்க்கும், மான் கீழே நின்று தின்னும்.

"வாடி தாழை" என்றாள் சடைச்சி. "இளைத்துப் போய்விட்டாயே."

தாழை நேராக விஷயத்துக்கு வந்தாள். இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

சடைச்சிக்குத் தெரியும். குருத்துமேடு என்று அவள் பெயர் வைத்திருந்த ஓர் இடத்தில் படுத்தெழுந்த மான்கள்தான் கொஞ்ச நாளில் தள்ளாடிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்குகின்றன என்பதை அவள் கவனித்திருந்தாள். ஓடைக்கரை அவள் மரத்துக்கு மறைவு. இறங்கியவை பிழைத்தனவா செத்தனவா என்பது தெரியாது. கழுகைக் கேட்டால் தெரிந்துவிடும். கழுகைக் கேட்பதா, அவளா?

"ஒன்று தெரியும்தான்" என்றாள். "ஆனால் இன்னும் முழுசாகவில்லை. அரைவேக்காட்டை எடுத்துப் பரிமாற மாட்டேன். மழை விடட்டும், சபையில் சொல்கிறேன், எல்லோரோடும் நீயும் கேட்டுக்கொள்."

"மழை விடுவதற்குள் நாங்கள் இருக்க வேண்டுமே, அக்கா. புலி வந்தால் குரல் கொடுக்கிறீர்கள். முழுப் புலியும் தெரியட்டும் என்றா காத்திருக்கிறீர்கள்? வால் நுனி தெரிந்தாலே கத்துகிறீர்களே."

"புலிக்கு என் பெயரையா வைக்கப்போகிறார்கள்?" என்றாள் சடைச்சி. சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒரு கொத்துத் தழையை ஒடித்துக் கீழே போட்டாள். தாழை அதைத் தொடவில்லை.

அடுத்தது தவசி. அவன் ஒரு காட்டுப்பன்றியின் முதுகில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான். தாழை இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஒரு கண்ணைத் திறந்தான்.

அவனுக்கும் தெரியும். இந்த வருஷம் ஒரு புது உண்ணி வந்திருந்தது. கடுகளவுதான். கால் சிவப்பு. வாயில் போட்டால் மிளகாயைக் கடித்த மாதிரி எரிந்தது. காட்டெருமைப் படுக்கை என்று அவன் சொல்லிக்கொள்கிற ஓர் இடத்துக்குப் போய்வந்த விலங்குகளின் உடம்பில் மட்டும்தான் அது இருந்தது. காய்ச்சலுக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அவன் வாய் சொல்லிற்று. காய்ச்சல் கண்ட மான்கள் எங்கே படுத்தன என்பது மந்திக்குத்தான் தெரியும். மந்தியைக் கேட்பதற்கு அவனுக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"சொல்லக்கூடிய நிலையில் இல்லை" என்றான் தவசி. "இன்னும் நிறைய உண்ணி தின்ன வேண்டியிருக்கிறது."

சரி, சொல்லவேண்டாம், என் பிள்ளையின் காதையாவது வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ தம்பி என்று தாழை கெஞ்சினாள். தவசி தூரத்தில் நின்ற குன்றியை ஒரு பார்வை பார்த்தான்.

"அந்தக் குட்டி உடம்பில் ஒன்றுமில்லை. எனக்கு அங்கே என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

கடைசியாக விருத்தகிரி. பட்டமரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் போவதென்றாலே மான்களுக்குக் குலை நடுங்கும். ஆனாலும் தாழை போனாள்.

ஆச்சரியம், கழுகு கேட்ட உடனே பதில் சொல்லிவிட்டார். மற்ற இருவரைப்போல இழுக்கவில்லை.

"காரணம் ஓடைதான். நான் பார்த்த பிணம் ஒவ்வொன்றும் ஓடைக்கரையில்தான் கிடந்தது. ஒன்றுகூட வேறு எங்கும் இல்லை. தண்ணீரில் விஷம் இருக்கிறது. உன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் எங்காவது போய்விடு. ஓடைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வாயில் படக்கூடாது."

அவர் ஏன் இவ்வளவு தாராளமாகச் சொன்னார்? இவர்கள் மேட்டுக்குப் போய்ப் பிழைத்துவிட்டால், தான் சொன்னது சரி என்று சபையில் நிரூபிக்கலாம். அதற்குக் கொஞ்சம் மான்கள் வேண்டியிருந்தன. தாழைக்கு அது தெரியாது. பெரியவர், இத்தனை பிணம் பார்த்தவர், அடித்துச் சொல்கிறாரே என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். ஒருவர் அடித்துச் சொன்னால் போதும், நாம் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

அன்றைக்கே கூட்டம் கிளம்பியது. வடக்குச் சரிவில் மூங்கில் அடர்ந்த மேடு ஒன்று இருந்தது. நிழல், இளங்குருத்து, பாறைக் குழியில் மழைத்தண்ணீர், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மான்களுக்கு வீடு மாறியது போலச் சந்தோஷம். நீ கேட்டு வந்ததால் பிழைத்தோம் என்று எல்லோரும் தாழையைப் புகழ்ந்தார்கள். தாழை குன்றியை மூங்கில் புதருக்குள் மெத்தென்றிருந்த சருகில் படுக்கவைத்தாள். குட்டி ஓடையைப் பார்த்து ஒரு தடவை கீழே இறங்கப் பார்த்தது. அதன் காதைக் கடித்து இழுத்து வந்தாள்.

கொஞ்ச நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு கூட்டத்தின் பெரிய ஆண்மானுக்குக் கண் சிவந்தது. பாறைக் குழித் தண்ணீரை முழுவதும் குடித்தும் அவனுக்குத் தாகம் அடங்கவில்லை. எல்லோரும் தடுக்கத் தடுக்கச் சரிவில் இறங்கி ஓடைக்குப் போனான். அங்கேயே செத்தான்.

தாழை மறுபடி கழுகிடம் ஓடினாள்.

"பார்த்தாயா?" என்றார் விருத்தகிரி. அவர் அலகு இன்னும் ஈரமாக இருந்தது. "சொன்னேனே. ஓடைக்குப் போனான், செத்தான்."

"இல்லை ஐயா. போவதற்கு முன்பே அவனுக்கு உடம்பு கொதித்தது. கொதித்ததால்தான் போனான்."

"நீ எத்தனை பிணம் பார்த்திருக்கிறாய்?"

"நான் பார்த்ததெல்லாம் அவர்கள் உயிரோடு இருந்தபோது, ஐயா."

கழுகு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ படித்தவர்கள் இப்படித்தான் திரும்பி உட்காருகிறார்கள்.

திரும்பும் வழியில் தாழை ஒரு முடிவுக்கு வந்தாள். கெஞ்சினால் இவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். வயிறு எரிந்தால் திறப்பார்கள்.

முதலில் சடைச்சியிடம் போய், "அக்கா, ஒன்று கேள்விப்பட்டேன். கழுகும் கொக்கும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களாம். எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டதாம். இன்றைக்கே வழுக்குப்பாறையில் சொல்லப்போகிறார்களாம். உங்கள் பெயர் இல்லை போலிருக்கிறது" என்றாள். கொக்கிடம் போய்க் கழுகும் மந்தியும் என்றாள். கழுகிடம் மந்தியும் கொக்கும். தாழை வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. ஒரே மூச்சில் மூன்று.

மழை தூறிக்கொண்டிருந்தது. சபைக்கு இன்னும் நாள் இருந்தது. அதைப் பற்றி யாருக்குக் கவலை? தாழை வழுக்குப்பாறைக்கு வந்து சேருமுன் மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். சடைச்சி வந்த வேகத்தில் பாறையில் வழுக்கி விழுந்து எழுந்திருந்தாள்.

"திருட்டுக் கூட்டம்" என்று ஆரம்பித்தாள் அவள். "நான் மரத்தில் உட்கார்ந்து இடுப்பு ஒடியப் பார்த்ததை நீங்கள் இருவரும் பங்குபோட்டுக்கொள்கிறீர்களா?"

"நீ என்ன பார்த்தாய், பழம் தின்றதைத் தவிர?" என்றான் தவசி.

"பிணத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் நோயைப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள்" என்றார் விருத்தகிரி.

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. குழாயடிச் சண்டை தோற்றது. யாராவது ஒருவர் தான்தான் முதல் என்று காட்டுவதற்காகவாவது உண்மையைக் கொட்டுவார் என்று தாழை காத்திருந்தாள். கொட்டினார்கள்.

"எல்லோருக்கும் முன்னால் நான்தான் கண்டுபிடித்தேன்" என்றாள் சடைச்சி. "காய்ச்சல் குருத்துமேட்டில் இருக்கிறது. அங்கே படுத்தவர்கள்தான் ஓடைக்கு இறங்கினார்கள். ஒருவர் பாக்கி இல்லை."

"குருத்துமேடாவது மண்ணாவது" என்றான் தவசி. "காய்ச்சல் உண்ணியிலிருந்து வருகிறது. சிவப்புக்கால் உண்ணி. அது இருப்பது காட்டெருமைப் படுக்கையில். வேறு எங்கும் கிடையாது."

"அப்படியானால் பிணங்கள் ஏன் ஓடையில் கிடக்கின்றன?" என்று கேட்டார் கழுகு. கேட்கும்போதே அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. செத்த மான்களின் காதுக்குப் பின்னால் கடுகு மாதிரி எதையோ அவர் பார்த்திருந்தார். ஈரலும் குடலும்தான் தன் வேலை, தோலில் என்ன இருக்கிறது என்று அதைத் தள்ளிவிட்டிருந்தார்.

"தாகம், ஐயா" என்றாள் தாழை. "காய்ச்சல் வந்தால் தாகம் எடுக்காதா?"



பிறகு கழுகு மெதுவாக, "சடைச்சி, உன் குருத்துமேடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அவர் அவளிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

சடைச்சி கையை நீட்டிக் காட்டினாள்.

"தவசி, உன் காட்டெருமைப் படுக்கை?"

தவசி அலகை நீட்டிக் காட்டினான்.

கையும் அலகும் ஒரே பக்கம் நீண்டன. வடக்குச் சரிவு. மூங்கில் அடர்ந்த மேடு. இலை அசைவதுகூடப் பாறையிலிருந்து தெரிந்தது.

"அங்கேதான் என் பிள்ளையைப் படுக்கவைத்திருக்கிறேன்" என்றாள் தாழை.

சொல்லிவிட்டு ஓடினாள். அவ்வளவு வேகமாக ஒரு மான் ஓடி அந்தக் காடு பார்த்ததில்லை. தவசி அவளுக்கு மேலே பறந்தான். சடைச்சி மரத்துக்கு மரம் தாவிக்கொண்டே, "மேட்டை விட்டு இறங்குங்கள், எல்லோரும் இறங்குங்கள்" என்று புலி வந்தால் கத்துகிற குரலில் கத்திக்கொண்டு போனாள். கூட்டம் பதறிக்கொண்டு சரிவில் இறங்கிற்று.

குன்றி மட்டும் இறங்கவில்லை. சருகில் அப்படியே படுத்திருந்தது. கண் சிவந்திருந்தது.

தவசி அதன் பெரிய காதுகளுக்குப் பின்னால் அலகை வைத்தான். பொறுக்கினான், பொறுக்கினான், பொறுக்கிக்கொண்டே இருந்தான். வாய் எரிந்தும் நிறுத்தவில்லை. எல்லா உண்ணியும் போன பிறகும் குட்டியின் உடம்பு கொதித்தது.

"அம்மா, தண்ணி" என்றது குன்றி. உடனே பயந்துபோய், "ஓடைத் தண்ணி வேண்டாம். குழித் தண்ணி போதும்" என்றது. பெரிய மான் குடித்து வற்றிய குழி அந்தத் தூறலில் நிரம்பியிருக்கவில்லை.

தாழை அதை முகத்தால் முட்டி எழுப்பி, தாங்கித் தாங்கி ஓடைக்கு இறக்கி வந்தாள். "குடி கண்ணே, எவ்வளவு வேண்டுமோ குடி. ஓடையில் ஒன்றுமில்லை. அம்மா தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றாள். குன்றி ஆசை தீரக் குடித்தது. குடித்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. பிறகு முன்கால் மடங்கியது.

விருத்தகிரி பட்டமரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் கீழே இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அந்தக் கரைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு மான்கள் மூங்கில் மேட்டில் கால் வைக்கவில்லை. காய்ச்சல் ஓய்ந்தது. தாழையின் கூட்டம் பிழைத்தது. பிழைத்தவர்கள் மூவரையும் வாழ்த்தினார்கள். வாழ்த்தைக் கேட்க மூவருக்கும் முகமில்லை. காய்ச்சலுக்குத் தன் பெயரை வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் தாழை ஓடையில் தனியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சடைச்சி மரத்திலிருந்து தழையை ஒடித்துப் போட்டாள். பிறகு கீழே இறங்கியே வந்து, அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். "நாங்கள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், தாழை" என்றாள்.

தாழை தலையைத் தூக்கினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"கேட்டேனே, அக்கா."

தெரிந்ததை ஆளுக்கொரு துண்டாக ஒளித்துவைத்தால், துண்டுகள் ஒன்று சேரும் நாளில் அறிவு முழுசாக இருக்கும், அதற்காகக் காத்திருந்த உயிர் இருக்காது.